ஒன்பதாம் நெம்பர் எங்கே?

இந்தியக் கால்பந்துக் கோஷ்டிக்கு கோல் போட ஆள் கிடைக்காதது ஏன்?

ஓசூர் சிப்காட்டில் மாலை ஷிப்டு விடும் நேரம். ஆலை யூனிபாரத்தைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, பந்தாட்டச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள் இளைஞர்கள். சட்டையின் முதுகில் ஒரு நெம்பர். 7 என்றால் போர்ச்சுக்கல் நாட்டு ரொனால்டோ. 10 என்றால் அர்ஜெண்டினாவின் மெஸ்ஸி. நீலச் சட்டையில் 11 என்றால் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் ஆடும் சுனில் சேத்ரி. பிழைப்புக்காக வந்த வங்காளத்துப் பையன், ஒடிசாக்காரன், தெலுங்கு பேசும் தளிப் பையன், தமிழ்ப் பையன் எல்லோரும் இந்த மூன்று எண்களில் ஒத்துப் போகிறார்கள்.

9 என்ற எண்ணுக்கு மேலே இந்தியப் பெயர் ஒன்று அச்சடித்த சட்டையைக் காண்பது அபூர்வம். சட்டை விற்கிற கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. தேசத்தின் கோஷ்டியிலேயே அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியா 2025 மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஐந்து பந்தயங்கள் ஆடியது. ஷில்லாங்கில் பங்களாதேஷுடன் கோல் இல்லாமல் சமம். ஹாங்காங்கிடம் 0-1. சிங்கப்பூரில் 1-1. அதே சிங்கப்பூரிடம் சொந்த மண்ணான மார்கோவாவில் 1-2. டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. ஐந்து பந்தயங்களில் இரண்டே கோல்! மார்கோவாவில் அக்டோபர் 14-ந் தேதி தோற்றபோதே ஆசியக் கோப்பைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இதற்கு முன்னோடியாக ஒரு விசித்திரம் நடந்தது. 2024 ஜூனில் கல்கத்தாவில் கண்ணீருடன் விடைபெற்ற சேத்ரியை, 2025 மார்ச்சில் மறுபடி அழைத்துவந்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பது. வந்தவர் மாலத்தீவுக்கு எதிரான சிநேகப் பந்தயத்தில் தலையால் முட்டி கோல் போட்டார். அது அவருடைய 95-வது சர்வதேச கோல். தாத்தா பெட்டியில் வைத்த நகை போல, அவசரத்துக்கு அவரைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்படி ஆனது ஏன் என்று தெரிய வேண்டுமானால், முதுகில் இருக்கும் எண் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டோக்கனும் ஸ்டேஷனும்

ஓசூர் தொழிலாளிக்கு இதை விளக்குவது சுலபம். ஆலையில் இரண்டு விதமான எண்கள் உண்டு. ஒன்று டோக்கன் நெம்பர். அது ஆளுக்குச் சொந்தம். எந்த மெஷினுக்கு மாற்றினாலும் கூடவே வரும். மற்றொன்று ஸ்டேஷன் நெம்பர். வண்டி பூட்டுகிற வரிசையில் நாலாவது ஸ்டேஷனில் என்ன வேலை நடக்க வேண்டுமோ அதுதான் நடக்கும். இன்றைக்கு முனுசாமி நிற்கலாம், நாளைக்கு நாகராஜ் நிற்கலாம். வேலை மாறாது.

கால்பந்துச் சட்டை எண் பிறந்தபோது ஸ்டேஷன் நெம்பராகப் பிறந்தது. பிற்பாடு டோக்கன் நெம்பராக மாறிவிட்டது. குழப்பம் எல்லாம் இதில்தான்.

1928 ஆகஸ்ட் 25-ந் தேதி இங்கிலாந்தில் இரண்டு இடங்களில் எண் போட்ட சட்டைகள் களம் இறங்கின. ஷெபீல்டு வெட்னஸ்டேயுடன் ஆடிய ஆர்சனல் ஒன்று. ஸ்வான்சீயுடன் ஆடிய செல்சீ மற்றொன்று. 1933 எப்.ஏ. கோப்பை இறுதிப் பந்தயத்தில் எவர்ட்டன் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டி 12 முதல் 22 வரையும் அணிந்தன. சிட்டியின் கோல் கீப்பருக்கு 22! எவர்ட்டனின் பிரபல கோலடிப்பாளர் டிக்ஸி டீன் அணிந்தது 9. 1939-ல் இங்கிலாந்து லீக்கில் எண் கட்டாயமாயிற்று.

அந்த நாளில் ஆட்டம் இரண்டு, மூன்று, ஐந்து என்ற கணக்கில் நின்றது. கோல் கீப்பர் 1. அவருக்கு முன்னே வலது புல்-பேக் 2, இடது புல்-பேக் 3. அவர்களுக்கு முன்னே மூன்று ஹாப்-பேக்குகள்: வலம் 4, நடு 5, இடம் 6. முன்வரிசையில் வலக்கோடியிலிருந்து இடக்கோடி வரை ஐந்து பேர். கோட்டை ஒட்டி ஓடும் அவுட்சைடு ரைட் 7. அவருக்கு உள்ளே இன்சைடு ரைட் 8. நட்ட நடுவே சென்டர் பார்வர்டு 9. இன்சைடு லெப்ட் 10. கோடியில் அவுட்சைடு லெப்ட் 11. பின்னாலிருந்து முன்னால், வலமிருந்து இடம். இவ்வளவுதான் சூத்திரம். சட்டையைப் பார்த்தால் ஆள் நிற்கிற இடம் தெரிந்துவிடும்.

முதலில் இடம் பெயர்ந்தது 5. 1925-ல் ஆப்சைடு சட்டத்தைத் தளர்த்தினார்கள். கோல்கள் மழையாகப் பொழிந்தன. ஆர்சனல் நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்ற 5-ஐ இழுத்துக் கொண்டுவந்து இரண்டு புல்-பேக்குகளுக்கு இடையே நிறுத்தினார். ஹாப்-பேக் என்ற பெயர் அப்படியே இருக்க, வேலை மட்டும் காவல் வேலை ஆகிவிட்டது. அர்ஜெண்டினாக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் நாட்டில் 5 என்றால் இன்றைக்கும் நடுக்களத்துக் காரியஸ்தர். இங்கிலாந்தில் 5 என்றால் கோல் வாசலில் நிற்கிற மலை. எண் ஒன்று, உத்தியோகம் இரண்டு.

வெம்ப்ளியில் நடந்த மோசடி

9-ன் கதை இன்னும் ருசிகரம். 1953 நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளி மைதானம். அதுவரை ஐரோப்பாக் கண்டத்துக் கோஷ்டி எதுவும் இங்கிலாந்தை அதன் மண்ணில் தோற்கடித்ததில்லை. ஹங்கேரி வந்தது. அதன் 9-ம் நெம்பர் நாண்டோர் ஹிடெக்குட்டி.

9 என்றால் சென்டர் பார்வர்டு. சென்டர் பார்வர்டை 5 கட்டிக்கொண்டு போக வேண்டும். இது இங்கிலாந்தின் பாலபாடம். 5-ம் நெம்பர் ஹாரி ஜான்ஸ்டன் தேடினார். ஹிடெக்குட்டி முன்னால் இல்லை! நடுக்களத்துக்குப் பின்வாங்கி நின்று பந்தை வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தார். ஜான்ஸ்டன் அவரைத் துரத்திப் போனால் கோல் வாசல் திறந்து கிடக்கும். 8-ம் நெம்பர் கோச்சிஷும் 10-ம் நெம்பர் புஷ்காஷும் புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றாலோ ஹிடெக்குட்டி தன் இஷ்டத்துக்கு ஆடுவார். ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹிடெக்குட்டிக்கு மட்டும் மூன்று கோல். தான் ஏதும் செய்ய முடியாமல் நின்றதுதான் பெரிய வேதனை என்று ஜான்ஸ்டன் பிற்பாடு எழுதினார். சட்டையில் இருந்த எண்ணை நம்பி ஏமாந்தவர் அவர்.

அடுத்த வருஷமே உலகக் கோப்பையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நிரந்தர எண் கொடுக்கும் வழக்கம் வந்தது. டோக்கன் நெம்பர் அங்கே தொடங்குகிறது. 1958-ல் பிரேசில் எண்களைக் குறிக்காமலே பட்டியலை அனுப்பிவிட்டதாகவும், அதிகாரி ஒருவர் மனம்போன போக்கில் எண் போட்டதாகவும் சொல்லப்படுகிறது. கோல் கீப்பர் கில்மாருக்கு 3 கிடைத்தது. வலக்கோடி கரிஞ்சாவுக்கு 11, இடக்கோடி ஜகாலோவுக்கு 7. பதினேழு வயதுச் சிறுவன் பெலேவுக்கு 10 விழுந்தது. அன்றிலிருந்து 10 என்றால் ராஜா. 1978-ல் அர்ஜெண்டினா அகர வரிசைப்படி எண் கொடுத்தது. நடுக்களத்து ஆர்டிலெஸ் 2-ம் நெம்பரோடு கோப்பை வாங்கினார். 1982-ல் அவருக்கு 1! இத்தாலியில் இண்டர் மிலான் கோஷ்டியில் பிரேசில் ரொனால்டோ 9-ஐ எடுத்துக்கொள்ள, அதை இழந்த சமோரானோ 18-ஐ வாங்கி நடுவே ஒரு கூட்டல் குறி போட்டுக் கொண்டார். ஒன்றும் எட்டும் ஒன்பது அல்லவா?

1993-ல் இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கும் நிரந்தர எண்ணும் பெயரும் அச்சடித்தது. சட்டை வியாபாரம் செழித்தது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், சட்டையை விட்டுப் போன பழைய எண்கள் பேச்சில் தங்கிவிட்டன. இன்றைக்கும் பயிற்சியாளர்கள் "ஒரு 6 வேண்டும்" என்றால், தடுப்புச் சுவருக்கு முன்னே நின்று எதிரியின் பந்தைப் பறிக்கிறவன் வேண்டும் என்று அர்த்தம். 8 என்றால் இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் ஓடி உழைக்கிறவன். 10 என்றால் சந்து கண்டுபிடித்துப் பந்தைத் தள்ளுகிற மூளைக்காரன். 9 என்றால் கோல் போடுகிறவன். அவன் முதுகில் 99 இருந்தாலும் அவன் 9 தான். இந்தக் கணக்கில் பார்த்தால் சேத்ரி இருபது வருஷமாக 11 என்ற டோக்கனோடு 9-ம் ஸ்டேஷனில் நின்று வேலை பார்த்தவர். அவர் போனதும் காலியானது 11 அல்ல, 9.

அன்று 5-ஐ 9 ஆக்கினார்கள்

இந்தியாவுக்கு இந்தக் கலை தெரியாதா? நன்றாகத் தெரிந்திருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கிய தேசம், ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பிடித்தது. அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தபோது மூன்று கோல் போட்டவர் நெவில் டிசூசா. அசல் சென்டர் பார்வர்டு.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ரஹீம் செய்தது அதைவிடத் துணிச்சலான காரியம். தடுப்பு வரிசையின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அரை இறுதியில் ரஹீம் அவரை முன்னே கொண்டுபோய் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார். கட்டுப் போட்ட தலையோடு அவர் கோல் போட்டார். செப்டம்பர் 4-ந் தேதி இறுதிப் பந்தயத்தில் தென் கொரியாவுக்கு எதிராக பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. இந்தியா 2-1. தங்கப் பதக்கம்! அன்றைக்கு கோல் வாசலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெல்லிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் கோஷ்டிக்கு முதலில் சென்டர் பார்வர்டாக ஆடி, அப்புறம் கோல் கீப்பரானவர் அவர். ஒரே பந்தயத்தில் 9 ஒருவர் 1 ஆகவும், 5 ஒருவர் 9 ஆகவும் ஆடித் தங்கம் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

கோல் போடும் வேலை யாருக்கு?

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. பணம் வந்தது; புல்தரை வந்தது; டெலிவிஷன் வந்தது. அந்த லீக்கில் அதிக கோல் போடுகிறவருக்குத் தங்கக் காலணிப் பரிசு உண்டு. 2014 முதல் 2024-25 வரை பதினோரு சீஸன்கள். பரிசு ஒரு முறைகூட இந்தியருக்குப் போகவில்லை! 2015-ல் சென்னையின் எப்.சி.க்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த 13 கோல்காரர் கொலம்பியாவின் மெண்டோசா. 2024-25-ல் 23 கோல் போட்டவர் நார்த்ஈஸ்ட் யுனைட்டெட்டின் மொராக்கோ நாட்டு அஜாராய். இந்தியர்களில் முதலாவதாக வந்தவர் 14 கோல் போட்ட சேத்ரியேதான். நாற்பது வயதுக்காரரை முந்த இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவனும் இல்லை.

வெளிநாட்டவர் எண்ணிக்கையைச் சட்டம் குறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. களத்தில் முதலில் ஆறு பேர், பிறகு ஐந்து, 2021-22 முதல் நாலு. ஆனால் நாலு பேரை எங்கே நிறுத்துவார் ஒரு பயிற்சியாளர்? தோற்றால் அவர் வேலை போய்விடும். ஆகவே ஆட்டத்தின் முதுகெலும்பில் நிறுத்துகிறார்: ஒரு 5, ஒரு 6 அல்லது 8, ஒரு 10, ஒரு 9. இந்தியப் பையன்களுக்கு மிஞ்சுவது கோடிகள். 2, 3, 7, 11. ஆகவேதான் தேசத்தில் இன்று நல்ல கோடி ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. சாங்தே இருக்கிறார், லிஸ்டன் கொலாசோ இருக்கிறார். மார்கோவாவில் சிங்கப்பூருக்கு எதிராக விழுந்த ஒரே கோல்கூடக் கோடியில் ஆடும் சாங்தே போட்டதுதான். மிஜோரம் தந்த ஜேஜே லால்பெக்லுவா போன்ற நடுமுனைக்காரர்கள் விதிவிலக்கு.

நோய் லீக்கோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட மைதானம் வரை இறங்கியிருக்கிறது. உயரமான பையனைக் கண்டால் தடுப்பில் போடுகிறார்கள். வேகமான பையனைக் கண்டால் கோடியில் போடுகிறார்கள். பெரிய கிளப்பில் 9-க்கு வேலை காலி இல்லை என்று தெரிந்த பையனும் அந்தத் தொழிலைக் கற்க மாட்டான். ஐ.டி.ஐ.யில் படிக்கப் போகிறவன் எந்தப் பிரிவுக்கு ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தானே சேருகிறான்?

9-ம் இடம் பார்த்துப் பார்த்துக் கற்கிற தொழில். பந்து வருமுன் அரை அடி நகர வேண்டும். தடுப்புக்காரன் தோளைத் தாங்கிக்கொண்டு முதுகால் ஆட வேண்டும். பத்து முறை தவறவிட்டுப் பதினோராவது முறையும் அதே இடத்துக்கு ஓட வேண்டும். நிஜப் பந்தயத்தில் தவறவிட்டுத்தான் இது படியும். தவறவிட அனுமதி யாருக்குக் கிடைக்கிறது? விலை கொடுத்து வாங்கியவருக்குக் கிடைக்கிறது. உள்ளூர்ப் பையன் இரண்டு முறை தவறவிட்டால் பெஞ்சுக்குப் போகிறான். போதாக்குறைக்கு, லீக் ஒப்பந்தத் தகராறால் 2025-ல் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை.

ஆலை வந்தது, கோஷ்டி வரவில்லை

எல்லைக்கு அப்பால் ஒரு காலம் இருந்தது. பெங்களூரின் சர்க்கார் ஆலைகள் பந்தாட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து ஆட வைத்தன. டெலிபோன் செய்யும் ஐ.டி.ஐ. ஆலையின் கோஷ்டி 1977-ல் முதலாவது பெடரேஷன் கோப்பையை, மோகன் பகானை 1-0 என்று வென்று தூக்கி வந்தது. விமானம் செய்யும் எச்.ஏ.எல். கோஷ்டி 2010-ல் தேசிய லீக்கான ஐ-லீக் வரை ஏறியது. ஆலைக் கோஷ்டிக்கு வெளிநாட்டவரை விலைக்கு வாங்கப் பணம் ஏது? தன் தொழிலாளிகளிலேயே 1 முதல் 11 வரை எல்லா வேலைக்கும் ஆள் தயாரித்தாக வேண்டும்.

ஓசூர் சிப்காட் வளர்ந்ததோ அந்த வழக்கம் தேய்ந்த காலத்தில். 1980 வாக்கில் லாரியும் மொபெட்டும், 1987-ல் கடிகாரமும், இப்போது டெலிபோன் பாகங்களும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டரும் வந்துவிட்டன. ஐ.டி.ஐ.யைப் போலத் தேசக் கோப்பை வாங்குகிற ஆலைக் கோஷ்டி மட்டும் வரவில்லை. ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாக நாற்பது கிலோமீட்டர் போனால் கண்டீரவா ஸ்டேடியம், சேத்ரியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோஷ்டியில் இடம் கேட்க வேண்டுமானால் சென்னை முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையனுக்குப் பக்கத்தில் இருப்பது பார்க்கிற இடம். தூரத்தில் இருப்பது ஆடுகிற இடம்.

இறக்குமதி தப்பு என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அசோக் மோட்டார்ஸ் 1948-ல் ஆரம்பித்தபோது பூட்டிக் கொடுத்தது இங்கிலாந்து ஆஸ்டின் கார்களை. பிற்பாடு அசோக் லேலண்டாகி, படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்யக் கற்றது. ஓசூரில் அதன் ஆலை நிற்கிறதே! இறக்குமதிக்குக் கெடு வைத்தார்கள். அதற்குள் உள்ளூரில் செய்து காட்ட வேண்டியிருந்தது. கால்பந்து லீக்கில் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்பதற்குச் சட்டம் உண்டு. இந்தியன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு இல்லை. அப்படி ஒரு சட்டம் போடுவதும் சாத்தியம் அல்ல. நடுவர் விசில் ஊதி "நீ 9 தானா?" என்று கேட்க முடியுமா? செய்யக்கூடியது வேறு. இளைஞர் லீக்குகளை நீட்டலாம். வெளிநாட்டவரே இல்லாத கோப்பைப் பந்தயங்களைப் பெருக்கலாம். பதினெட்டு வயதில் ஒருவனுக்கு வருஷத்துக்கு முப்பது பந்தயம் கிடைத்தால், அவன் முன்னூறு முறை தவறவிட்டுக் கற்றுக்கொள்வான்.

பொய் ஒன்பது

9 இல்லாமலே ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2009 மே 2-ந் தேதி பார்சிலோனா அப்படித்தான் ஆடியது. 10-ம் நெம்பர் மெஸ்ஸியை நடுவில் நிறுத்திப் பின்வாங்கச் செய்து, ரியல் மாட்ரிடை அதன் மைதானத்திலேயே 6-2 என்று நொறுக்கியது. இதைப் 'பொய் ஒன்பது' என்கிறார்கள். ஹிடெக்குட்டியின் பழைய மோசடிதான். 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் கோஷ்டி தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, இரண்டு கோலையும் போட்டவர் நடுக்களத்து சங்கீதா பாஸ்போர்.

நியாயமான வாதம். ஆனால் பொய் ஒன்பதை நடத்த அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று நிஜ கோலடிப்பாளர்கள் வேண்டும். ஹங்கேரிக்கு கோச்சிஷும் புஷ்காஷும் இருந்தார்கள். பார்சிலோனாவுக்கு ஏட்டோவும் ஆன்ரியும் இருந்தார்கள். அந்த பார்சிலோனாவை நடத்திய கார்டியோலாவே, மான்செஸ்டர் சிட்டிக்கு 2022-ல் ஹாலண்ட் என்ற நார்வே இளைஞரை வாங்கி 9-ம் நெம்பர் கொடுத்தார். முதல் சீஸனில் லீக்கில் மட்டும் 36 கோல். மூன்று கோப்பைகள் வந்தன. பொய் ஒன்பதைக் கொண்டாடியவர்கூட நிஜ ஒன்பதைத் தேடிப் போயிருக்கிறார்.

இந்தியா தேடியிருக்கும் வழி வேறு. பெங்களூர் கிளப்பில் ஆடும் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைத் துறந்து 2025-ல் இந்தியப் பிரஜையானார். தாய்வழியில் பம்பாய்க் குடும்பம். நவம்பரில் பெங்களூரில் நடந்த தேசிய முகாமுக்கு அவரை அழைத்தார்கள். நல்ல ஆட்டக்காரர், வேகக்காரர், வயது முப்பதைத் தாண்டியவர். கிளப்பில் அவர் பெரும்பாலும் ஆடியிருக்கும் இடம் கோடி.